தளம் போடும் வரை

எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் இருக்கும் துணை சுகாதார நிலையத்தின் கூரை இதுவரை ஒழுகியதில்லை. ரத்த அழுத்த மாத்திரைக்காக மாதம் ஒருமுறை அங்கே போகிறேன். வரிசையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நான் மேலே பார்ப்பதில்லை. அதைக் கட்டிய பொறியாளர் நான்தான் என்று தெரிந்த சிலர், "நல்லா கட்டினீங்க சார்" என்பார்கள். ஏதோ முனகிவிட்டு, மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அந்தக் கூரையை எப்படிப் போட்டேன் என்பதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

கொரோனா வந்த வருடம் நான் ஒன்றிய அலுவலகத்தில் உதவிப் பொறியாளர். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கிறது அந்தச் சுகாதார நிலையம் இருக்கிற ஊர். நிலத்தில் பாதி கம்பெனிகளுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு ஒருவராவது ஷிப்டுக்குப் போகிறார்கள். ஊரடங்கு அறிவித்தபோது அந்தக் கட்டடத்தின் சுவர் ஜன்னல் லிண்டலுக்கு மேலே வந்திருந்தது. அத்தோடு எல்லாம் நின்றது. என் பொறுப்பில் இருந்த பள்ளிச் சுற்றுச்சுவர், மேல்நிலைத் தொட்டி, சிமெண்ட் சாலை எதுவும் நகரவில்லை. கிரஷர்கள் மூடிக் கிடந்ததால் ஜல்லி இல்லை. கம்பிக் கடை திறக்கவில்லை. லாரிக்கு பாஸ் வாங்கினால் டிரைவர் வரமாட்டேன் என்றார். சில வேலைகளுக்கு ஒதுக்கியிருந்த நிதியை பிளீச்சிங் பவுடருக்கும் கபசுரக் குடிநீருக்கும் திருப்பிவிட்டார்கள். பொறியாளர்களான எங்களைத் தொற்று வந்த தெருக்களைத் தகரம் வைத்து அடைக்கும் வேலைக்கு அனுப்பினார்கள்.

சுகாதார நிலையத்தில் மட்டும் ஆட்கள் இருந்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்த கொத்தனார் குழு. போவதற்கு வண்டி இல்லாமல், கூரையில்லாத அந்தச் சுவர்களுக்குள்ளேயே தார்ப்பாய் கட்டிக்கொண்டு சமைத்துச் சாப்பிட்டுக் கிடந்தார்கள். ஊர்க்காரர்கள் முதலில் அவர்களைக் கண்டு பயந்து தெருவுக்குள்ளேயே விடவில்லை. பிறகு ஊராட்சியிலிருந்து அரிசியும் பருப்பும் ரவையும் கொண்டுபோய் வேலியோரம் வைத்துவிட்டு வந்தார்கள். ஏப்ரல் கடைசியில், ஆட்கள் வேலை நடக்கும் இடத்திலேயே தங்கியிருந்தால் கட்டட வேலையைத் தொடரலாம் என்று அனுமதி வந்தது. ஊரே ஒதுக்கி வைத்திருந்த அந்த ஆட்களுக்கு ஒரே நாளில் மதிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர் இளைஞர்கள் கம்பெனிக்குப் போய்ப் பல வருடமாகிறது. கரண்டி பிடிக்கிற கை வேறு கிடைக்காது.

எனக்கு அந்த மே மாதக் கடைசியில் ஓய்வு. எங்கள் துறையில் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. பாதியில் நிற்கிற வேலையை வைத்துக்கொண்டு ஓய்வு பெறக் கூடாது. அடுத்து வருகிறவர் அதைத் தொடமாட்டார். தொட்டால் தன் தலையில் விழும் என்பார். தணிக்கையில் கேள்வி வந்தால் வீட்டில் இருப்பவனைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு முன்னால் ஓய்வு பெற்ற ஒருவர், முடிக்காமல் விட்ட ஒரு சமுதாயக் கூடத்துக்காக வருடக்கணக்கில் அலுவலக பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் அவரைக் கண்டால் எழுந்து நின்ற கிளார்க், "அப்புறம் வாங்க" என்று முகம் பார்க்காமல் சொல்வான். அந்த பெஞ்சில் நான் உட்காரக் கூடாது. அப்போது எனக்கு வேறு நினைப்பே இல்லை. கூரைத் தளம் போட்டுவிட்டால் போதும். பூச்சும் தரையும் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

குழுவுக்குத் தலைவர் ஒரு மேஸ்திரி. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஒரகடத்தில் கம்பெனிகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பத் தொடங்கிய காலத்திலேயே வந்தவர். டீக்கடையிலும் ஷேர் ஆட்டோவிலும் கற்றுக்கொண்ட தமிழ் அவருடையது. "இன்னா சார், கம்பி ஷார்ட்டா கீது" என்று அவர் சொன்னால், ஆள் பக்கத்துச் சிங்கப்பெருமாள் கோவில் ஊர்க்காரர் என்றுதான் நினைப்பீர்கள்.

வேலை மறுபடி தொடங்கிய சில நாளில், ஒரு காலையில் அவர் என் பைக்கை நிறுத்தவிடாமல் எதிரே வந்து நின்றார்.

"சார், ட்ரெயின் வுடறாங்களாம் சார். பேர் குடுத்தா போலாமாம்."

"யார் சொன்னா?"

"மறைமலை நகர்ல நம்ம ஊர் ஆளுங்க கீறாங்க. அவுங்க குடுத்துட்டாங்க. எங்க பேர நீங்க குடுங்க சார். இந்த மாசம் பொண்ணு கல்யாணம்."

"இந்தச் சமயத்துல கல்யாணமா? தள்ளிப் போடலாமே மேஸ்திரி."

"மாப்ள வூட்ல ஒத்துக்கல. நான் போகலன்னா எங்க அண்ணன் உக்காருவான் சார், என் எடத்துல."

அந்த அண்ணனோடு அவருக்குப் பல வருடமாகப் பேச்சில்லை. நிலத் தகராறு. மகள் பள்ளிக்கூடம் போனதும், மாப்பிள்ளை பார்த்ததும் எல்லாம் இவர் இங்கே சுவர் கட்டிச் சம்பாதித்ததில்தான். அவர்கள் பக்கத்திலும் அப்பாதான் மணவறையில் உட்கார்ந்து பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

"அப்பன் உயிரோட கீறேன். அவன் கையால குடுக்கறதா? நீங்களே சொல்லுங்க சார்."

"குடுத்துடறேன் மேஸ்திரி" என்றேன். அந்த நிமிடத்தில் அது உண்மைதான். கொடுக்கத்தான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் கான்ட்ராக்டர் வந்தார். உள்ளூர்க்காரர், மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே தொங்கவிட்டிருந்தார்.

"இன்னா சார், பசங்க பேரக் குடுக்கப் போறீங்களாமே?"

"வி.ஏ.ஓ. லிஸ்ட் கேக்கறாரே. பொண்ணு கல்யாணமாம்."

"மேஸ்திரி போனா ஒருத்தன் நிக்க மாட்டான், கூண்டோட காலி. அப்பறம் தளம் யாரு போடறது? நீங்க கலவ போடுங்க, நான் சட்டி தூக்கறேன். இந்தத் தொப்பைய வெச்சினு."

நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கல்யாணத்துக்கு நாள் கீது சார். தளம் போட்ட மறுநாளே நானே கார்ல இட்டுனு போய் சென்ட்ரல்ல வுடறேன். இப்ப வுட்டீங்கன்னா மாசக் கடைசில நீங்க மால போட்டுக்கினு வூட்டுக்குப் போவீங்க, இது மொட்டையா நிக்கும்."

"அப்ப நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க."

"நான் சொன்னா நம்புவானா? கான்ட்ராக்டர்னாலே திருடன்னு வெச்சினு கீறான். நீங்க சொன்னா கவர்மெண்டு."

மறுநாள் நான் சொன்னேன். "உங்க ஸ்டேட்டுக்கு இன்னும் ட்ரெயின் ஒதுக்கல மேஸ்திரி. பேர் குடுத்துட்டேன். வந்ததும் முதல் பேர் உங்களுதுதான்."

ஒரே மூச்சில் மூன்று பொய். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். திரும்பி மற்றவர்களிடம் அவர்கள் மொழியில் சொன்னார். அவர்களும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். என் முகத்தில் மாஸ்க் இருந்தது. அது வசதியாக இருந்தது. அன்று மதியம் வி.ஏ.ஓ. போன் செய்தபோது, "நம்ம சைட் ஆளுங்க போக இஷ்டமில்லன்னுட்டாங்க" என்று சொல்லி முடித்துவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னால் எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாதது.

பொய் சொல்லி இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். அலுவலகத்திலிருந்து வந்து பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் குளிக்காமல் என்னை வீட்டுக்குள் விடமாட்டார்கள். உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. மனைவி கதவருகே வந்து கத்தினாள்.

"ஏங்க, ஓய்வு வயசை ஒரு வருஷம் கூட்டிட்டாங்களாம்! அம்பத்தொம்பது!"

"சரியாப் பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன். கடவுளுக்குக் கண்ணு இருக்கு. இன்னும் ஒரு வருஷம் உங்கள நான் வீட்ல வெச்சு மேய்க்க வேணாம்."

அன்று இரவு வரை போன் வந்துகொண்டே இருந்தது. எல்லோரும் வாழ்த்தினார்கள். நானும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்க்கு என்னிடம் இருந்த ஒரே காரணம் அந்தச் செய்தியோடு போய்விட்டது என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. மே கடைசிக்குள் தளம் போட வேண்டிய அவசியமே இல்லை. ஒரு வருடம் இருந்தது. காலையில் வி.ஏ.ஓ.வுக்கு ஒரு போன் போட்டால் போதும்.

நான் போடவில்லை. ஏன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். மேலதிகாரியான பி.டி.ஓ.விடம் தளம் போடும் தேதியைச் சொல்லிவிட்டேன் என்பது ஒன்று. ஒன்றியத்தில் எந்த வேலையும் நகராதபோது உங்கள் வேலை மட்டும் நகர்கிறதே என்று அவர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார், அந்த ருசி ஒன்று. ஆனால் உண்மை இவற்றைவிட அற்பமானது. பேரைக் கொடுத்தால் உடனே வண்டி வரும். வண்டி வந்தால், முன்பே போய்க்கொண்டிருந்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு கொத்தனார் முன்னால் பொய்யனாக நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. அவர் மகளின் கல்யாணத்தைவிட, அவர் என்னைப் பார்க்கும் பார்வை எனக்குப் பெரிதாக இருந்தது.

தளம் போட்டுவிட்டு அனுப்பினால் கல்யாணத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவார், எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் என் கையாலேயே கெட்டது.

தளத்துக்குக் கான்கிரீட் கொட்டும் முன், அதைத் தாங்குவதற்குச் சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தி, மேலே தகரம் பரப்ப வேண்டும். மேஸ்திரியின் ஆட்கள் அந்த வேலையை விடியற்காலையில் ஆரம்பித்து இருட்டும்வரை செய்தார்கள். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் கான்கிரீட், அதற்குள் ட்ரெயினும் வந்துவிடும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. முடிக்கும் தறுவாயில் பி.டி.ஓ. போன் செய்தார். வேறொரு ஊரில் வரிசையாக நாலு தெருவில் தொற்று. அடைக்கக் கட்டையும் இல்லை, தகரமும் இல்லை.

"உங்க சைட்ல இருக்குல்ல? பிரிச்சு அனுப்புங்க."

"சார், தளத்துக்கு ரெடியா…"

"தெரு முக்கியமா, தளம் முக்கியமா?"

மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். அவர் முட்டுக் கட்டையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் வெளயாடறீங்களா? கட்டுனத நாங்களே பிரிக்கறதா?"

"ரெண்டு நாள்தான் மேஸ்திரி. திரும்பி வந்துடும்."

அவர்களே பிரித்து, அவர்களே டிராக்டரில் ஏற்றினார்கள். நான் அந்த டிராக்டரின் பின்னாலேயே போய், அந்தக் கட்டைகளை நட்டுத் தெருக்களை அடைத்தேன். அடைத்த தெருவைத் தொற்று தீரும்வரை திறக்க முடியாது. நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று நாட்கள் போயின. அப்போதாவது அவர்களை அனுப்பியிருக்கலாம். வேலையே இல்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி தினமும் கேட்டார். "ட்ரெயின் இன்னாச்சு சார்?" நான் தினமும் ஒன்று சொன்னேன். மேலிடத்தில் பேசியிருக்கிறேன் என்றேன். இந்த வாரம் வந்துவிடும் என்றேன். கேட்கக் கேட்க அவர் குரல் பணிந்துகொண்டே வந்தது. தொந்தரவு செய்கிறோமோ என்று அவர்தான் கூச்சப்பட்டார்.

கல்யாணத்தன்று நான் அங்கே போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வருமோ என்று நினைத்ததாக ஞாபகம்.

மேஸ்திரி முகம் மழித்து, துவைத்த சட்டை போட்டிருந்தார். கீழே சிக்னல் கிடைக்கவில்லை என்று எல்லோரும் சுவரோரம் மிச்சமிருந்த மூங்கில் சாரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். சுவரின் மேல் ஒரு செங்கல்லை நிறுத்தி அதில் போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். என்னையும் கை கொடுத்து மேலே ஏற்றினார்கள். திரையில் மாஸ்க் போட்ட ஒரு புரோகிதர், முக்காடிட்ட பெண், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். மேஸ்திரியைப் போலவே நெற்றியும் காதும் கொண்ட ஒருவர் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யார் என்று நான் கேட்கவில்லை.

பெண்ணின் கையை அந்த மனிதர் எடுத்தபோது படம் நின்றுவிட்டது. ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்தார். இன்னொருவர் அதைப் பிடுங்கி வேறு பக்கம் திருப்பினார். "அந்தாண்ட காட்டுடா, அந்தாண்ட!" என்று மேஸ்திரி தமிழில் கத்தினார். பதற்றத்தில் எந்த மொழி என்று அவருக்குத் தெரியவில்லை. படம் திரும்பி வந்தபோது சடங்கு முடிந்திருந்தது. எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். யாரோ ஒருவர் போனைப் பார்த்துக் கையாட்டினார். மேஸ்திரியும் கையாட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

கீழே இறங்கியதும், ஊராட்சி கொடுத்த ரவையில் கிண்டிய அல்வாவை ஒரு தட்டில் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"சாப்புடுங்க சார். எங்களுக்காக எவ்ளோ பேசுனீங்க. ட்ரெயின் இல்லன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் வைத்தார். அதையும் சாப்பிட்டேன்.

கட்டைகள் திரும்பி வந்து தளம் போட்டபோது மாதம் முடியப்போகிற நேரம். தளம் போடுவதை நடுவில் நிறுத்தக் கூடாது. காலையில் ஆரம்பித்து ஒரே மூச்சாகப் போட்டு முடித்தார்கள். தளம் போடும் நாளில் ஆட்களுக்குச் சாப்பாடு போடுவது வழக்கம் என்பதால் கான்ட்ராக்டர் பிரியாணிப் பொட்டலம் கொண்டுவந்தார். சென்ட்ரலுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன காரைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் அவர்கள் பெயர்களை வி.ஏ.ஓ.வுக்குக் கொடுத்தேன். இரண்டொரு நாளில் ட்ரெயினும் கிடைத்துவிட்டது.

ஒரகடம் கூட்டுரோட்டில் ஸ்டேஷனுக்குப் போகும் பஸ் நின்றது. வழியனுப்ப நானும் போயிருந்தேன். நல்லவன் மாதிரி பிஸ்கட், தண்ணீர் பாட்டிலெல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். வி.ஏ.ஓ. பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்களின் முறை வந்ததும் என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார். அவர் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை.

"இவுங்க ஊருக்கு மாச ஆரம்பத்துலேர்ந்தே வண்டி போய்க்கினு கீதே சார். நான் அப்பவே கேட்டேன், இஷ்டமில்லன்னு சொன்னீங்களே. இப்ப இன்னா திடீர்னு?"

"அப்ப நிலைமை வேற" என்றேன். அவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

மேஸ்திரி என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவருக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோளிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சார், உங்களுக்குப் பொண்ணு கீதா?"

"இருக்கு."

"கல்யாணம்?"

"ஆயிடுச்சு."

"நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்" என்றேன்.

அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். பிஸ்கட் பை என் கையிலேயே இருந்தது.

அரசு ஓய்வு வயதை இன்னொரு வருடமும் கூட்டியது. ஆக, நான் மேலும் இரண்டு வருடம் வேலை பார்த்து, மாலை மரியாதையோடு, பாதியில் நிற்கும் வேலை எதுவும் இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். மக்களுக்கு உயிர் காக்கும் கட்டடம், அதற்காகத்தானே என்று சில காலம் எனக்கு நானே ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். அதுவும் நிற்கவில்லை. பூச்சும் பெயிண்டும் முடிந்தபிறகும், திறப்பு விழாவுக்குத் தேதி கிடைக்காமல் அந்தக் கட்டடம் மாதக்கணக்கில் பூட்டியே கிடந்தது. ஒரு மாதம் தாமதமாகத் தளம் போட்டிருந்தால் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது.

அவரைத் தேடினேன், கிடைக்கவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் எண் என் போனில் எப்போதும் இருந்தது. வாட்ஸ்அப்பில் அவர் படம் மாறுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு கோயில், ஒரு மோட்டார் சைக்கிள், அப்புறம் ஒரு கைக்குழந்தை. பேரக் குழந்தையாக இருக்க வேண்டும். போன மாதம் ஒருநாள், மனைவி கடைக்குப் போயிருந்தபோது கூப்பிட்டேன்.

"சொல்லுங்க சார்" என்றார். என் எண்ணை அவரும் அழிக்காமல் வைத்திருந்தார். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம்.

சொல்ல வேண்டியதை முன்பே மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். "மேஸ்திரி, அன்னைக்கு ட்ரெயின் விஷயத்துல நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்."

"அது தெரியும் சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "வேற இன்னா?" என்று கேட்டார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. அதைச் சொன்னால் போதும் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வேலைல கீறேன் சார்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.